போன் நெறஞ்சாச்சு, போட்டோவ எங்க வைக்க? பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, கிளவுட் எல்லாத்தையும் வச்சு ஒரு ஒப்பீடு

"அண்ணே, போன்ல எடம் இல்லன்னு வருது, 256 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் அதுல தள்ளிட்டா போதும்லா?"

தக்கலை பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குற எனக்கு இப்ப அதிகமா வர்ற கேள்வி இதுதான். வீட்டுக்காரர் குவைத்துல, பிள்ளைய பொறந்ததுல இருந்து எடுத்த போட்டோ பூரா ஒரே போன்ல வச்சிருக்க கருங்கல் அக்கா கேப்பாங்க, கல்யாண வீடியோ எடுக்குற மார்த்தாண்டம் ஸ்டுடியோ தம்பி கேப்பான், ரிட்டயர்டு ஆன வாத்தியார் பழைய ஆல்பம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டு இனி இத எதுல வைக்கணும்னு வந்து நிப்பாரு. கேள்வி ஒண்ணு மாதிரி இருந்தாலும் மூணு பேருக்கும் பதில் வேற வேற. அதனால எல்லாத்தையும் ஒரு எடத்துல வச்சு எழுதுகேன், உங்களுக்கு எது ஒத்து வரும்னு பாத்துக்கிடுங்க.

என் கருத்த மொதல்லயே சொல்லுகேன். எத்தன ஜிபிங்கறது ரெண்டாவது கேள்வி. இது போச்சுன்னா இன்னொரு காப்பி எங்க இருக்குங்கறதுதான் மொத கேள்வி. போன்ல இருந்து பென்டிரைவுக்கு மாத்திட்டு போன்ல அழிச்சிட்டீங்கன்னா அது பேக்கப் இல்ல, எடம் மாத்துனது மட்டும்தான். காப்பி அப்பவும் ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் போன விட லேசா தொலைஞ்சு போற ஒரு சாமான்ல.

## வாங்க போறதுக்கு முன்னாடி எண்ணி பாக்கணும்

கம்ப்யூட்டருக்கு எல்லாமே பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட், ஆயிரம் பைட் ஒரு கேபி, ஆயிரம் கேபி ஒரு எம்பி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபி, ஆயிரம் ஜிபி ஒரு டிபி. "அம்மா"ன்னு யூனிகோடுல டைப் பண்ணா 15 பைட். ஐநூறு பக்க நாவல் ஒண்ண முழுசா டைப் பண்ணி வச்சாலும் 3, 4 எம்பிக்குள்ள அடங்கிரும், போன் கேமராவுல நீங்க எடுக்குற ஒரே ஒரு போட்டோவுக்கும் அதே எடம் வேணும். 12 மெகாபிக்சல் போட்டோன்னா 3ல இருந்து 5 எம்பி, 50 மெகாபிக்சல் முழுசா ஆன் பண்ணி எடுத்தா 10 எம்பியும் தாண்டும். சராசரியா 4 எம்பின்னு வச்சுக்கிடுங்க, அப்ப ஒரு ஜிபிக்கு 250 போட்டோ, பத்தாயிரம் போட்டோவுக்கு 40 ஜிபி.

உண்மையில எடத்த திங்கறது வீடியோ. 1080பிங்கற சாதாரண தெளிவுல எடுத்தா நிமிஷத்துக்கு 130 எம்பி பக்கம் வரும், அதையே இன்னும் தெளிவான 4கேல வச்சா 350 எம்பி பக்கம் போகும், போனுக்கு போன் கொஞ்சம் கூடும் கொறையும். சுசீந்திரம் தேரோட்டத்தையோ கோட்டார் சவேரியார் கோயில் தேரையோ ஒரு மணி நேரம் 4கேல எடுத்தீங்கன்னா 20 ஜிபி காலி, அதாவது அஞ்சாயிரம் போட்டோ வைக்கிற எடம். போன்லயும் டிவிலயும் மட்டும் பாக்குற வீட்டு வீடியோவுக்கு 1080பி தாராளமா போதும், கேமரா செட்டிங்ல அத ஒண்ண மாத்துனாலே புதுசா எதுவும் வாங்காம ஒரு வருசம் ஓட்டலாம்.

அப்புறம் வாட்ஸ்அப். செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா போயி மேனேஜ் ஸ்டோரேஜ அமுக்குங்க, எந்த குரூப்பு எத்தன ஜிபி புடிச்சிருக்குன்னு வரிசையா காட்டும், காலை வணக்கம் வீடியோவும் அரசியல் ஃபார்வர்டும் சேந்து நெறைய போன்ல பல ஜிபி கெடக்கும். அத தூக்கி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணாதீங்க, அழிச்சிருங்க.

இங்கன ஒரு முக்கியமான விசயம் இருக்கு. வாட்ஸ்அப்ல அனுப்புன போட்டோ சுருங்கி போயிரும், 4 எம்பி போட்டோ அங்க போயி சேரும்போது சில நூறு கேபி தான் இருக்கும். "அவருக்கு எல்லா போட்டோவும் அனுப்பியிருக்கேன், அங்க ஒரு காப்பி இருக்கு"ன்னு சொல்றவங்க இத புரிஞ்சுக்கிடணும், அங்க இருக்கது ஒரிஜினல் இல்ல, போன் ஸ்க்ரீன்ல நல்லாத்தான் தெரியும், பிரின்ட் போட்டு மாட்டணும்னு வரும்போது தான் மங்கும். ஒரிஜினலா அனுப்பணும்னா டாகுமென்டா அனுப்பணும். இதே மாதிரி பரீட்சை அப்ளிகேஷனுக்கு போட்டோவ 50 கேபிக்கு கொறைக்க சொல்லுவாங்க, கொறைக்கும்போது வேற பேர்ல சேவ் பண்ணுங்க, ஒரிஜினல் மேலயே சேவ் ஆச்சுன்னா அந்த 4 எம்பி போட்டோ திரும்ப வராது. ஜிப் பண்ணா சின்னதாகும்னு நெனைக்கிறவங்களும் உண்டு, போட்டோவும் வீடியோவும் ஏற்கனவே சுருக்கி வச்ச ஃபைல், ஜிப் பண்ணா ஒண்ணும் கொறையாது.

## 128 வாங்கினா 119 தான் காட்டுது, ஏமாத்திட்டானா?

இல்ல. டப்பாவுல போட்டிருக்க 128 ஜிபி ஆயிரம் ஆயிரமா எண்ணுன கணக்கு, விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது, ஆனா எழுதுறது அதே ஜிபின்னு. அதனால 64 வாங்கினா 59.6, 128க்கு 119, 256க்கு 238, 1 டிபிக்கு 931ன்னு தெரியும். 1024 கணக்குக்கு தனி பேரே 1998ல வச்சாச்சு, விண்டோஸ் அத போடுறதில்ல. ஆப்பிள் கம்ப்யூட்டர்ல 2009ல இருந்து ஆயிரம் கணக்குதான், அதே டிஸ்க்க அதுல சொருகினா 1 டிபின்னே காட்டும். இந்த அளவு வித்தியாசம் வந்தா பயப்படாதீங்க, இதுக்கும் கொறவா காட்டினா தான் சந்தேகப்படணும்.

போன் கதை வேற, 128 ஜிபி போன்ல சிஸ்டமும் கூடவே வந்த ஆப்பும் சேந்து 15, 20 ஜிபிய மொதல்லயே எடுத்துக்கிடும்.

இன்னொண்ணு, நெட்டு ஸ்பீடு பிட்டுல சொல்லுவாங்க, ஃபைல் சைஸ் பைட்ல. 100 எம்பிபிஎஸ் கனெக்ஷன்ல செக்கண்டுக்கு 100 எம்பி வராது, எட்டால வகுத்து 12.5 எம்பி. கிளவுட் (நெட்டு வழியா கூகுள், ஆப்பிள் மாதிரி கம்பெனியோட கம்ப்யூட்டர்ல வைக்கிறது) பத்தி முடிவெடுக்கும்போது இந்த வகுத்தல் கட்டாயம் வேணும்.

## எத வச்சு எடை போடணும்

நான் பாக்குறது அஞ்சு விசயம். ஒண்ணு, இது எப்படி சாகும், செத்தா திரும்ப எடுக்க முடியுமா. ரெண்டு, வீட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இது தப்பிக்குமா. மூணு, ஒரு ஜிபிக்கு எத்தன ரூபா, ஒரு தடவையா வருசா வருசமா. கடையில சொல்ற விலைய ஜிபியால வகுத்து பாருங்க, விலை மாறிக்கிட்டே இருக்கதால இங்கன நான் எழுதுற ரூபா கணக்கு ஆறு மாசத்துல உதவாது, வகுக்குற முறை என்னைக்கும் உதவும். நாலு, 40 ஜிபி காப்பியாக எவ்வளவு நேரம். அஞ்சு, நீங்க இல்லாத நேரம் வீட்டுல அம்மாவாலயோ வீட்டுக்காரியாலயோ அத தெறந்து பாக்க முடியுமா.

ரெண்டாவது விசயத்த நம்ம குமரி மாவட்டத்துல சாதாரணமா எடுக்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமில கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி பக்கம் வீட்டோட கல்யாண ஆல்பமும் சேந்து போன குடும்பங்க உண்டு. 2017 நவம்பர் 30 ஓக்கி புயல் அடிச்சப்ப கரண்டும் டவரும் நாள்கணக்கா இல்ல. அதோட வருசத்துல ரெண்டு மழை, சாரல் மாசத்துல ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகைல ஒரு தடவை. முட்டம், குளச்சல், கன்னியாகுமரி மாதிரி கடற்கரை ஊர்ல உப்புக்காத்துல யூஎஸ்பி முனை கறுத்து போறத நான் சர்வீஸ்ல பாத்துக்கிட்டே இருக்கேன். சென்னைல ஏசி ரூம்ல இருக்கவங்க சொல்ற யோசனைய அப்படியே எடுத்துக்கிட முடியாது.

## புதுசா பெரிய மெமரி போன்

போன் எப்படியும் பழசாயிட்டு, மாத்தத்தான் போறீங்கன்னா 128க்கு பதில் 256 எடுங்க, பெறகு கூட்ட முடியாது. ஆனா எடத்துக்காக மட்டும் நல்ல போன மாத்துறது காசு வேஸ்ட். இதுல மறைஞ்சிருக்க செலவு என்னன்னா, இப்ப உள்ள போன்ல ஸ்டோரேஜ் பூட்டி இருக்கும், போர்டு செத்துச்சுன்னா சிப்ப கழட்டி வேற போன்ல போட்டு எடுக்க முடியாது. போன் கெணத்துல விழுந்தா 256 ஜிபியும் சேந்து போகும். போன் எடுக்குற எடம், பத்திரமா வைக்கிற எடம் இல்ல.

## மெமரி கார்டு

சொருக எடம் உள்ள போனே கொறஞ்சு வருது. இருந்தா பாட்டு, படம், ஆஃப்லைன்ல பாக்குற வீடியோ இதுக்கு வச்சுக்கிடலாம், போனாலும் திரும்ப கெடைக்கிற சாமான்தானே. கார்ட இன்டர்னல் ஸ்டோரேஜா ஃபார்மட் பண்ணவான்னு போன் கேக்கும், சரின்னு கொடுத்தா அந்த கார்டு அந்த போன்ல மட்டும்தான் தெறக்கும், போன் போச்சுன்னா கார்டும் போச்சு. 4கே வீடியோ எடுக்கணும்னா மேல வி30 இல்லன்னா யூ3ன்னு போட்டிருக்கதா பாருங்க.

## பென்டிரைவ்

கொண்டு போக, கொடுக்க, வாங்க இத மாதிரி வேற கெடையாது. பிரின்ட் கடைக்கு, டிவில சொருகி படம் பாக்க, ஸ்டுடியோவுல இருந்து கல்யாண வீடியோ வாங்க எல்லாத்துக்கும் சரி. ஆனா வருசக்கணக்கா பூட்டி வைக்க இது ஆகாது. விலை கொறைக்கதுக்காக சாதாரண சிப்பு போட்டிருப்பாங்க, ஒரு நாள் சொருகினா "ஃபார்மட் பண்ணவா"ன்னு கேக்கும், முன்னறிவிப்பே கெடையாது. சட்டைப்பைல இருந்து விழும், வாஷிங் மெஷின்ல போகும், யாராவது கேட்டு வாங்கிட்டு போயி திருப்பி தரமாட்டாங்க.

ரொம்ப கவனமா இருக்க வேண்டியது போலி சாமான். ஆன்லைன்லயும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து தள்ளுவண்டியிலயும் "2 டிபி பென்டிரைவ்"னு சில நூறு ரூபாய்க்கு விப்பாங்க. உள்ள இருக்கது 8 ஜிபியோ 16 ஜிபியோ தான், கன்ட்ரோலர்ங்கற உள்சிப்புல பொய் சொல்ல புரோகிராம் பண்ணி வச்சிருப்பாங்க, கம்ப்யூட்டர் அத நம்பி 2 டிபின்னு காட்டும். கொடுமை எங்கன்னா காப்பி பண்ணும்போது எரர் வராது, எல்லாம் ஏறிட்டுன்னே காட்டும், ஃபைல் பேரும் லிஸ்ட்ல தெரியும், ஆனா எடம் முடிஞ்சதும் பழசு மேலயே புதுச எழுதிக்கிட்டே போகும். மாசம் கழிச்சு தெறக்கும்போது பாதி போட்டோ சாம்பலா இருக்கும், அத எந்த ரெக்கவரியாலயும் மீட்க முடியாது, ஏன்னா அது மேலயே வேற எழுதியாச்சு. அதனால எந்த பென்டிரைவோ கார்டோ வாங்கினாலும் மொத வேலையா விண்டோஸ்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸ்லயும் மேக்லயும் எஃப்3 (F3), ரெண்டுமே இலவச சாஃப்ட்வேர்தான், அத போட்டு முழுசா எழுதி திரும்ப படிக்க வச்சு பாருங்க. நேரம் ஆகும், ராத்திரி போட்டுட்டு தூங்குங்க. தேறலன்னா மறுநாளே திருப்பி கொடுங்க.

"50 ஜிபி காலியா இருக்கு, ஆனா 6 ஜிபி வீடியோ ஏற மாட்டேங்குது"ன்னு வர்றவங்களும் நெறைய. அது ரிப்பேர் இல்ல. பென்டிரைவ் ஃபேட் 32ன்னு ஒரு முறையில ஃபார்மட் ஆகியிருக்கும், அதுல ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல நிக்காது. கல்யாண வீடியோவ ஸ்டுடியோக்காரங்க துண்டு துண்டா கொடுக்கறதுக்கும் இதுதான் காரணம், பழைய டிவி பலதும் ஃபேட் 32ஐ மட்டும்தான் படிக்கும். எக்ஸ்ஃபேட்ங்கற இன்னொரு முறையில ஃபார்மட் பண்ணா அந்த தடை போயிரும், பண்ணும்போது உள்ள இருக்கதெல்லாம் அழியும், அதனால முன்னாடியே வேற எடத்துக்கு மாத்திருங்க. எக்ஸ்ஃபேட்லயும் ஒரு குறை உண்டு, 32 ஜிபிக்கு மேல உள்ளதுல அது எடத்த 128 கேபி 128 கேபியா பிரிச்சு வைக்கும், 20 கேபி ஸ்டிக்கரும் ஒரு முழு அறைய புடிச்சுக்கிடும். பத்தாயிரம் ஸ்டிக்கர் கணக்குப்படி 200 எம்பி, டிஸ்க்ல புடிக்கிறது 1.28 ஜிபி. ப்ராப்பர்டிஸ்ல சைஸ் ஒண்ணும் சைஸ் ஆன் டிஸ்க் வேற ஒண்ணும் காட்டுறது இதனாலதான்.

## எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்

ஒரு ஜிபிக்கு எத்தன ரூபான்னு வகுத்து பாத்தா 1 டிபி, 2 டிபி அளவுல இதுதான் பொதுவா கொறவா வரும், அதனால வீட்டு போட்டோ வீடியோ முழுசையும் வைக்க என் முதல் தேர்வு இதுதான். 40 ஜிபிய யூஎஸ்பி 3ல போட்டா பத்து நிமிஷம் பக்கத்துல முடியும், சாதாரண யூஎஸ்பி 2 பென்டிரைவ்ல அதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

இது சாகுறது பெரும்பாலும் கீழ விழுந்துதான். உள்ள தட்டு சுத்தும், அதுக்கு மேல முடிய விட சின்ன இடைவெளில ஒரு ஊசி ஓடும், ஓடிக்கிட்டு இருக்கும்போது மேசைல இருந்து விழுந்தா ஊசி தட்ட கீறிரும். அப்புறம் டக் டக்னு சத்தம் வரும். அந்த சத்தம் கேட்டதும் உடனே கழட்டிருங்க, திரும்ப திரும்ப சொருகி பாக்க பாக்க கீறல் கூடும். தூசி இல்லாத தனி அறை வச்சிருக்க ரெக்கவரி எடத்துக்கு அனுப்பணும், அந்த செலவு டிஸ்க் விலைய விட பல மடங்கு ஆகும், கெடைக்கும்னும் உறுதி இல்ல. இதுதான் ஹார்ட் டிஸ்க்கோட மறைஞ்ச செலவு. இதுக்கு பயந்து விலை கூடினதா ஒண்ணு வாங்காதீங்க, சாதாரணமா ரெண்டு வாங்குங்க.

கடலோர ஊர்ல இருந்தா காத்துப்புகாத டப்பாவுல சிலிக்கா பாக்கெட் ரெண்டு போட்டு வைங்க, கான்கிரீட் சுவத்துல பதிச்ச அலமாரி அடித்தட்டுல வைக்காதீங்க, மழைக்காலத்துல அங்கன தான் ஈரம் ஏறும். மாசத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர்ல சொருகி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற இலவச சாஃப்ட்வேர்ல பாருங்க, "காஷன்"னு மஞ்சளா காட்டுச்சுன்னா அன்னைக்கே வேற டிஸ்க்குக்கு மாத்தணும்.

டிவிடில வச்சிருக்கவங்களும் இன்னும் இருக்காங்க. ஒண்ணுக்கு 4.7 ஜிபி தான், புது லேப்டாப்புல போட எடமே கெடையாது, ஈரத்துல பூஞ்சை வேற புடிக்கும். 2005, 2010 கல்யாண டிவிடி வீட்டுல இருந்தா படிக்க முடியும்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு ஏத்திருங்க.

## எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி

பென்டிரைவ் மாதிரி சிப்புலயே எழுதுறது இது, சுத்துற தட்டு இல்ல, விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், வேகமும் ஹார்ட் டிஸ்க்க விட நாலு மடங்குக்கு மேல. அதே அளவுக்கு விலையும் கூடுதல். பைக்ல வச்சு கொண்டு போயி, லேப்டாப்புல இருந்தே நேரா எடிட் பண்ற ஸ்டுடியோ ஆளுக்கு இது வேணும், அவங்க நேரமே காசு. வீட்டு போட்டோவ அலமாரில வைக்கிறவங்களுக்கு அவ்வளவு வேகம் என்னத்துக்கு?

இதுல பலருக்கு தெரியாத குறை, கரண்டே கொடுக்காம வருசக்கணக்கா போட்டு வச்சா சிப்புக்குள்ள இருக்க சார்ஜ் மெதுவா கசியும், சூடான எடத்துல இன்னும் சீக்கிரம். அதனால எஸ்எஸ்டில வச்சிட்டு மறந்துர கூடாது, வருசத்துல ரெண்டு தடவையாவது சொருகணும். அழிஞ்சத மீட்கறதும் இதுல ரொம்ப கஷ்டம்.

## கிளவுட்

வீட்டுக்கு என்ன ஆனாலும் தப்பிக்கிறது இது ஒண்ணுதான். ஓக்கி மாதிரி நாளுல நெட்டு இல்லாம பாக்க முடியாம போகலாம், ஆனா போட்டோ போகாது. போன் தொலைஞ்சாலும் புது போன்ல லாகின் பண்ணா வந்துரும். குவைத்துல இருக்க அப்பாவும் கருங்கல்ல இருக்க பிள்ளையும் ஒரே ஆல்பத்த பாக்கலாம். இந்த மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்க நெலமைல இது சின்ன விசயம் இல்ல.

கூகுள்ல இலவசமா 15 ஜிபி, ஐகிளவுட்ல 5 ஜிபி. கூகுளோட 15ஐ போட்டோ, ஜிமெயில், டிரைவ் மூணும் பங்கு போட்டுக்கிடும், 2021 ஜூன் 1ல இருந்து ஏத்துற போட்டோ எல்லாம் இதுல கணக்காகும், ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்ப இதுலதான். நெறஞ்சா மெயில் வர்றது நின்னு போகும். வேலைக்கு அப்ளை பண்ணிட்டு இன்டர்வியூ மெயிலுக்கு காத்திருக்க பிள்ளைய இத கட்டாயம் பாக்கணும்.

காசு கட்டினா 100 ஜிபி, 2 டிபின்னு கெடைக்கும், ஒரு ஆள் கட்டினா குடும்பத்துல இன்னும் அஞ்சு பேர் பங்கு போட்டுக்கிடலாம், அவங்க போட்டோ ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. ஆனா இது வாடகை, கட்டுறத நிறுத்தினா என்ன ஆகும்னு கேளுங்க. உடனே அழிக்க மாட்டாங்க, புதுசா ஏத்த முடியாது, அளவுக்கு மேலயே ரெண்டு வருசம் கெடந்தா அழிக்கலாம்னு கூகுள் விதியிலயே இருக்கு. ரெண்டு வருசம் லாகினே பண்ணாத அக்கவுண்டுக்கும் அதேதான்.

ஏத்துற நேரம் பாருங்க. 40 ஜிபிய 20 எம்பிபிஎஸ் அப்லோடுல ஏத்த, எல்லாம் சரியா போனாலே நாலரை மணி நேரம். வைஃபை இல்லாம தெனம் 1.5 ஜிபி ரீசார்ஜ்ல ஏத்தணும்னா அன்னன்னைக்கு டேட்டா முழுசா கொடுத்தாலும் 27 நாள். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலைல சிக்னல் எப்படி இருக்கும்னு அங்க உள்ளவங்களுக்கு தெரியும். வீட்டுல ஃபைபர் இல்லன்னா வீடியோவ கிளவுட்டுக்கு அனுப்பணும்னு நெனைக்காதீங்க, போட்டோ மட்டும் அனுப்புங்க.

ரொம்ப பேரு மாட்டுறது அழிக்கிறதுல தான். கூகுள் போட்டோஸ் ஆப்ப தெறந்து, "கிளவுட்ல ஏறிட்டு"ன்னு நெனச்சு போட்டோவ செலக்ட் பண்ணி டெலீட் கொடுப்பாங்க. அது கிளவுட்லயும் சேந்து அழியும். போன்ல மட்டும் எடம் வேணும்னா "ஃப்ரீ அப் ஸ்பேஸ்"னு தனியா ஒண்ணு இருக்கு, அத மட்டும்தான் அமுக்கணும். ஐபோன்லயும் ஐகிளவுட் போட்டோஸ் ஆன்ல இருந்தா போன்ல அழிச்சது எல்லா எடத்துலயும் அழியும். அப்புறம் செட்டிங்ல "ஸ்டோரேஜ் சேவர்"னு இருந்தா போட்டோவ 16 மெகாபிக்சலுக்கும் வீடியோவ 1080பிக்கும் கொறைச்சுதான் வைக்கும், வீட்டு உபயோகத்துக்கு அது போதும், ஸ்டுடியோவுக்கு ஆகாது.

வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு ஒரு வார்த்த. அங்க உள்ள சிம் நம்பர் அக்கவுண்டுல கொடுத்திருப்பீங்க, வேலை முடிஞ்சு ஊருக்கு வந்ததும் அந்த சிம் செத்து போகும், புது போன்ல லாகின் பண்ணும்போது ஓடிபி அந்த நம்பருக்கு தான் போகும். பதினஞ்சு வருச போட்டோ பூட்டுக்குள்ள இருக்கும், சாவி கையில இருக்காது. கெளம்புறதுக்கு முன்னாடியே ஊர் நம்பர மாத்தி, சிம் இல்லாம லாகின் பண்ண கூகுள் கொடுக்குற பேக்கப் கோட பேப்பர்ல எழுதி வீட்டுல கொடுத்துருங்க. கூகுள்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, நீங்க குறிப்பிட்ட காலம் அக்கவுண்ட தொடலன்னா நீங்க சொன்ன ஆளுக்கு டேட்டா போயி சேரும், அதயும் போட்டு வைங்க.

## பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா

| | எப்படி போகும் | வீட்டுக்கு ஆபத்துன்னா | காசு | 40 ஜிபிக்கு நேரம் | எதுக்கு நல்லது |
|---|---|---|---|---|---|
| மெமரி கார்டு | தொலையும், திடீர்னு சாகும் | போனோட போகும் | ஒரு தடவை | கார்டுக்கு தகுந்த மாதிரி | பாட்டு, படம் |
| பென்டிரைவ் | தொலையும், போலி உண்டு | கையில இருந்தா தப்பும் | ஒரு தடவை | ஒரு மணி நேரத்துக்கு மேலயும் ஆகலாம் | கொடுக்க, வாங்க |
| ஹார்ட் டிஸ்க் | விழுந்தா | வேற வீட்டுல ஒண்ணு வேணும் | ஜிபிக்கு கொறவு | 10 நிமிஷம் பக்கம் | மொத்தமா வைக்க |
| எஸ்எஸ்டி | கரண்ட் இல்லாம வருசக்கணக்கா கெடந்தா | வேற வீட்டுல ஒண்ணு வேணும் | ஜிபிக்கு கூடுதல் | ரெண்டு மூணு நிமிஷம் | எடிட்டிங், பயணம் |
| கிளவுட் | பாஸ்வேர்டு, சிம், வாடகை | தப்பும் | வருசா வருசம் | மணிக்கணக்கு, நாள்கணக்கு | தேர்ந்தெடுத்த போட்டோ, பத்திரம் |

## யாருக்கு எது

கருங்கல் அக்கா மாதிரி, வீட்டுல ஒருத்தர் வெளிநாட்டுல, போட்டோ 40, 50 ஜிபி, வீடியோ கொஞ்சம்: 100 ஜிபி கிளவுட் ஒண்ணு எடுங்க, அதோட 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு. காசு கட்ட முடியாதுன்னா வருசத்துக்கு ஒரு 200 நல்ல போட்டோ மட்டும் எடுத்து இலவச 15 ஜிபில வைங்க, 200 போட்டோன்னா ஒரு ஜிபி கூட வராது, பத்து வருசத்துக்கு 8 ஜிபி. இது எனக்கு ரொம்ப புடிச்ச வழி. பத்தாயிரம் போட்டோவ யாரும் உக்காந்து பாக்குறதில்ல, பிள்ளைய பெருசானதும் அந்த இருநூற தான் தேடும்.

ஸ்டுடியோ தம்பிக்கு கிளவுட் கணக்கே ஒத்து வராது, ஒரு கல்யாணமே 200, 300 ஜிபி வரும். வேலை நடக்க எஸ்எஸ்டி ஒண்ணு, முடிஞ்சத வைக்க பெரிய ஹார்ட் டிஸ்க் ரெண்டு, ஒண்ணு கடையில ஒண்ணு வீட்டுல. எடிட் முடியறதுக்கு முன்னாடி கேமரா கார்ட ஃபார்மட் பண்ணவே கூடாது. எத்தன மாசம் வச்சிருப்பீங்கன்னு பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட முன்னாடியே சொல்லிருங்க.

ஆல்பம் ஸ்கேன் பண்ண வாத்தியார் மாதிரி ஆளுங்களுக்கு டேட்டா கொறவு, மதிப்பு கூடுதல், ஒரிஜினல் பேப்பரும் செல்லரிச்சுக்கிட்டு இருக்கும். அவங்க ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி ஒண்ண வேற ஊர்ல இருக்க பிள்ளைய வீட்டுல வைக்கணும். நீங்க குளச்சல்னா குலசேகரத்துலயோ ஆரல்வாய்மொழிலயோ இருக்க சொந்தக்காரங்க வீடு, கடலும் மழையும் ரெண்டு வீட்டையும் ஒரே நாளுல தொடாத மாதிரி. கிளவுட்லயும் ஒரு காப்பி போட்டா இன்னும் நல்லது. பத்திரம், ஆதார், சர்டிபிகேட் ஸ்கேனும் இதே வழிதான், எல்லாம் சேந்தாலும் சில நூறு எம்பிக்கு மேல போகாது.

காலேஜ் பிள்ளையளுக்கு பென்டிரைவும் இலவச கிளவுடும் போதும், ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும் ரெண்டுலயும் இருக்கணும்.

## காப்பி பண்ணும்போது

போன டேட்டா கேபிள்ல கம்ப்யூட்டர்ல சொருகி டிசிஐஎம் (DCIM) ஃபோல்டர, அதுலதான் கேமரா போட்டோ இருக்கும், காப்பி பண்ணுங்க, கட் பண்ணி பேஸ்ட் பண்ணாதீங்க, நடுவுல கேபிள் ஆடினா ரெண்டு பக்கமும் இல்லாம போயிரும். வருசம் மாசம் பேர்ல ஃபோல்டர் போடுங்க, டிஸ்க் மேல பேனாவால தேதி எழுதுங்க. முடிஞ்சதும் ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டிஸ்ல ஃபைல் எண்ணிக்கை ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, பத்து இருவது போட்டோவையும் ஒரு பெரிய வீடியோவையும் புதுசுல இருந்தே தெறந்து ஓட விட்டு பாருங்க. இஜெக்ட் கொடுத்துட்டு தான் கழட்டணும்.

ரெண்டாவது காப்பியும் ஆன பெறகு மட்டும் போன்ல அழிங்க. அழிச்ச உடனே எடம் வரலன்னு பதறாதீங்க, கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன போட்டோ 60 நாள் ட்ராஷ்ல கெடக்கும், ஐபோன்ல 30 நாள். எடம் உடனே வேணும்னா ட்ராஷையும் காலி பண்ணணும், ஆனா கூகுள் போட்டோஸ் ட்ராஷ்ல கெடக்குறது கிளவுட்ல இருந்தும் அழிஞ்சதுதான், அதனால காலி பண்றதுக்கு முன்னாடி ஹார்ட் டிஸ்க்ல அந்த போட்டோ இருக்கான்னு இன்னொரு தடவை தெறந்து பாத்துருங்க.